கிளைகளுக்கு நடுவே ஒரு பறவை: இடையூறான கிளைகளைச் சமாளித்துப் படமெடுக்க முழுமையான வழிகாட்டி

புளியமரத்தில் மாங்குயில் வந்து உட்காருகிறது. இலைகளுக்கு நடுவே மஞ்சள் நிறம் ஒரு கணம் தெரிகிறது. பதறிக் கேமராவைத் தூக்கிப் பத்துப் படம் எடுத்துவிடுகிறீர்கள். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால் பத்திலும் ஒரு குச்சி பறவையின் கண்ணுக்குக் குறுக்கே ஓடுகிறது. இலைகள் நரம்பு நரம்பாகத் தெளிவாக இருக்கின்றன, பறவையோ மங்கிக் கிடக்கிறது. பறவைகளைப் படமெடுக்கத் தொடங்கிய எவருக்கும் இந்த ஏமாற்றம் பழக்கமானதுதான்.

இந்த இடத்தில் பலர் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வருகிறார்கள். இன்னும் விலை கூடிய லென்ஸ் வாங்க வேண்டும் என்பது ஒன்று, கிளையைக் கணினியில் அழித்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. கிளைச் சிக்கலில் பெரும்பகுதியை ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே, நம் கால்களையும் முழங்கால்களையும் கொண்டே தீர்த்துவிட முடியும். எந்தக் கிளை நமக்குத் தொல்லை, எது தொல்லையே இல்லை என்று பிரித்தறியும் கண் வந்துவிட்டால், கையில் இருக்கும் சாதாரண லென்ஸே போதும். அந்தக் கண்ணை வளர்த்துக்கொள்ளும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: தொல்லை தரும் கிளை எது என்று கண்டறியுங்கள்

பறவைக்கு முன்னால் இருக்கும் எல்லாக் குச்சிகளும் ஒரே அளவு தொல்லை தருவதில்லை. இதைப் புரிந்துகொள்ளச் சின்னக் கணக்கு ஒன்று போதும். உங்களிடம் 400 மி.மீ. லென்ஸ் இருக்கிறது, அதன் துளை எஃப் 5.6 என்று வைத்துக்கொள்வோம். 400ஐ 5.6ஆல் வகுத்தால் ஏறக்குறைய 71 மி.மீ. வரும். ஒளி உள்ளே நுழையும் வாசலின் அகலம் இதுதான், கிட்டத்தட்ட ஏழு சென்டிமீட்டர். பறவை 10 மீட்டர் தொலைவில் இருக்கிறது. நடுவே 3 மி.மீ. தடிமனுள்ள ஒரு குச்சி குறுக்கிடுகிறது.

அந்தக் குச்சி உங்களிடமிருந்து 2 மீட்டரில் இருந்தால், அதைச் சுற்றிக்கொண்டு ஏராளமான ஒளி லென்சுக்குள் வந்துவிடும். குச்சி படத்தில் அகன்று கரைந்து, பறவையின் மேல் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லிய நிழலாக மட்டுமே படியும். பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. பாதி வழியில், 5 மீட்டரில் இருந்தாலும் நிழல் பன்னிரண்டில் ஒரு பங்குதான். ஆனால் அதே குச்சி 9 மீட்டரில், அதாவது பறவைக்கு ஒரு மீட்டர் முன்னால் இருந்தால், நிழல் நாற்பது விழுக்காட்டைத் தாண்டிவிடும். இன்னும் அரை மீட்டர் பறவையை நெருங்கினால், பறவையின் உடலில் யாரோ கோடு இழுத்ததுபோல் ஆகிவிடும்.

ஆக, நம் முகத்துக்கு அருகில் இருக்கும் குச்சிக்குப் பயப்பட வேண்டியதில்லை. பறவையின் முகத்துக்கு அருகில் இருக்கும் குச்சிதான் படத்தைக் கெடுக்கிறது. புதிதாகப் படமெடுப்பவர்கள் நேர் எதிராக நினைக்கிறார்கள். கண்ணெதிரே ஆடும் வேலிச் செடியைக் கண்டு கேமராவைத் தாழ்த்திவிடுகிறார்கள், பறவையை ஒட்டிய மெல்லிய காம்பைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அருகில் இருப்பது ஒன்றிரண்டு குச்சியாக இல்லாமல் அடர்ந்த புதராக இருந்தால் மட்டும் எச்சரிக்கை வேண்டும். நூறு மெல்லிய நிழல்கள் சேர்ந்து படத்தின் மேல் பச்சைப் புகைபோல் படர்ந்து, நிறத்தையும் கூர்மையையும் குறைத்துவிடும். ஆனால் அந்தப் புகையை அளவோடு வேண்டுமென்றே பயன்படுத்தலாம். லென்சின் முனைக்கு ஓர் அடி தூரத்தில் நாலைந்து இலைகள் படத்தின் ஓரத்தில் மட்டும் படரும்படி வைத்தால், மறைவிலிருந்து பறவையை எட்டிப் பார்க்கும் உணர்வு வரும்.

பறவைக்குப் பின்னால் இருக்கும் கிளைகளுக்கும் இதே கணக்கு பொருந்தும். ஒரு மீட்டர் பின்னால் இருக்கும் விரல் பருமன் கிளை மங்கினாலும் கிளையாகவே தெரியும். பறவை உங்களிடமிருந்து எவ்வளவு தொலைவோ, பறவைக்குப் பின்னாலும் அவ்வளவு இடைவெளி இருந்தால் அந்தக் கிளை அநேகமாகக் கரைந்துபோகும். பறவை 10 மீட்டரில் இருக்கிறதா, பின்னணி 20 மீட்டரில் இருக்கட்டும். இந்த ஒரு விதியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனாலும் உங்கள் படங்கள் மாறத் தொடங்கும்.

இரண்டாம் படி: நகருங்கள்

அனுபவசாலி ஒருவர் படமெடுப்பதைத் தள்ளி நின்று கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். தலையை இப்படியும் அப்படியும் சாய்ப்பார், முழங்காலை மடக்குவார், ஓரடி இடப்பக்கம் போவார், திரும்பி வருவார். கேமரா அதுவரை கண்ணுக்கே வந்திருக்காது. அவர் கிளைகளை ஒன்றின்மேல் ஒன்று நகர்த்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எவ்வளவு நகர வேண்டும் என்பது குச்சி இருக்கும் இடத்தைப் பொறுத்தது. முன்பு சொன்ன அதே 10 மீட்டர் பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 10 செ.மீ. பக்கவாட்டில் சாய்ந்தால், 5 மீட்டரில் இருக்கும் குச்சி பறவையின் மேல் 10 செ.மீ. நகரும். 2 மீட்டரில் இருப்பதோ 40 செ.மீ. விலகிவிடும். ஆனால் 9 மீட்டரில் இருக்கும் குச்சி ஒரு சென்டிமீட்டர்தான் அசையும். பறவைக்கு ஒரு மீட்டர் பின்னால் இருக்கும் கிளையும் அப்படித்தான்.

எனவே முன்னால் நடுவழியில் இருக்கும் குச்சிக்குத் தலையைச் சாய்த்தாலே போதும். பறவையை ஒட்டிய குச்சிக்கும், அதன் முதுகிலிருந்து முளைத்ததுபோல் தெரியும் பின்கிளைக்கும் கால்களை எடுத்து வைக்க வேண்டும். மூன்று எட்டு வைத்து, ஏறக்குறைய 2 மீட்டர் நகர்ந்தால் அந்தப் பின்கிளை 18 செ.மீ. விலகும். கிட்டத்தட்ட ஒரு சின்னானின் முழு நீளம் அது.

பக்கவாட்டு நகர்வைவிடப் பலர் மறந்துபோவது மேலும் கீழுமான நகர்வை. மரத்தின் கிளைகள் பெரும்பாலும் படுக்கைவாட்டில் பரவுகின்றன. அதனால் நீங்கள் உட்கார்ந்தாலோ எழுந்தாலோ அவை வேகமாக விலகுகின்றன. நாணல், சம்பு, மூங்கில் நிற்கும் இடங்களில் குச்சிகள் செங்குத்தாக இருக்கும், அங்கே பக்கவாட்டில் நகர வேண்டும். தரையில் மேயும் பறவைகளைப் படமெடுக்கும்போது உட்கார்ந்து எழுவதன் அருமை நன்றாகத் தெரியும். குளிர்காலத்தில் நம் ஊர்த் தோட்டங்களுக்கு வந்து, விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுக்கும் ஆறுமணிக் குருவியை நின்றபடி பார்த்தால் சருகும் புதரும்தான் தெரியும். மார்பைத் தரையோடு வைத்துப் படுத்தால், புதரின் அடித்தண்டுகளுக்கு நடுவே இலைகளே இல்லாத ஒரு சுரங்கம் திறக்கும். குருவி நடமாடுவது அந்தச் சுரங்கத்தில்தான்.

எப்படி நகர்வது என்பதும் முக்கியம். பறவையை நோக்கி நேராக நடக்காதீர்கள். அதன் பார்வையில் நேராக வரும் மனிதன் வேட்டைக்காரன். சாய்வாக, நின்று நின்று, எங்கோ போகிறவர்போல் நகருங்கள். பறவை கழுத்தை நீட்டி உங்களையே பார்க்கத் தொடங்கினால், இறக்கையைச் சற்று விரித்து மடித்தால், உடலைத் தாழ்த்தினால், அங்கேயே நின்றுவிடுங்கள். நல்ல கோணம் கிடைக்க இன்னும் இரண்டடி வேண்டும் என்று தோன்றும். அந்த இரண்டடியில்தான் பறவை பறக்கும்.

விருப்பம்போல் நகர முடியாத இடங்களும் உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கல் அப்படிப்பட்டது. சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள ஏரி அது. தண்ணீருக்குள் கடம்பும் கருவேலும் நிற்கின்றன, நாம் கரையில் நிற்கிறோம். மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் அரிவாள்மூக்கனும் வக்காவும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். குச்சிகளின் காடு. இங்கே கோணத்தை அதிகம் மாற்ற முடியாது, ஆனால் எந்தப் பறவையைத் தேர்வது என்பது நம் கையில் இருக்கிறது. மரத்தின் நடுவயிற்றை விட்டுவிட்டு உச்சியையும் விளிம்பையும் பாருங்கள். கூடு கட்டும் காலத்தில் குச்சி ஏந்தி வரும் பறவை மரத்தை அடைவதற்கு முந்தைய இரண்டு நொடிகள் வெட்டவெளியில் இருக்கும். அந்த இரண்டு நொடிகளுக்காக ஒரு மணி நேரம் நிற்கலாம். கரையில் நடந்துகொண்டே பார்த்தால், ஒரு மரத்தின் விளிம்பு பின்னாலிருக்கும் மரத்தை விட்டு விலகித் தண்ணீர் மட்டும் பின்னணியாகத் தெரியும் இடம் எங்காவது இருக்கும். அங்கே நில்லுங்கள். வெயில் ஏறினால் தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று நெளியத் தொடங்கி எவ்வளவு நல்ல லென்சின் கூர்மையையும் தின்றுவிடும், அதனால் காலை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பறவை தேர்ந்தெடுக்கும் கிளையை நீங்களும் தேர்ந்தெடுங்கள்

இலைக்குள் புகுந்த பறவையைத் துரத்துவதைவிட, அது வெளியே வரும் இடத்தில் காத்திருப்பது நல்லது. இதற்குப் பறவைகளின் குணம் தெரிய வேண்டும்.

சில பறவைகள் ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வரும். பச்சைப் பஞ்சுருட்டான் பறந்து போய்ப் பூச்சியைப் பிடித்து, பெரும்பாலும் கிளம்பிய குச்சிக்கே திரும்பி, அங்கேயே அடித்து விழுங்கும். கரிச்சான், பனங்காடை, வெண்மார்பு மீன்கொத்தி, கீச்சான் ஆகியவையும் இப்படித்தான். இவற்றுக்குப் பார்வை மறையாத மொட்டைக் குச்சி தேவை, நமக்கும் அதுதான் தேவை. அதனால் பறவை பறந்து போனதும் ஏமாந்து கிளம்பிவிடாதீர்கள். அது இல்லாத அந்த நேரம்தான் உங்களுக்குப் பொன்னான நேரம். குச்சியைக் குறித்துக்கொண்டு, பின்னணி எங்கே தூரமாக விலகுகிறது என்று பார்த்து, அங்கே போய் உட்காருங்கள். குச்சியின் மேலேயே ஃபோகஸ் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

பறவைகள் பொதுவாகக் காற்றை எதிர்த்துக் கிளம்பும், காற்றை எதிர்த்தே வந்து இறங்கும். காற்றும் காலை வெயிலும் உங்கள் முதுகில் படும்படி நின்றால், அது கிளைகளை விட்டு வெளியே, உங்கள் பக்கமாகப் பறக்க வாய்ப்பு அதிகம். கிளம்புவதற்குச் சற்று முன்னால் எச்சமிடுவதும் உடலைக் குனிப்பதும் பல பறவைகளிடம் காணலாம். அதைக் கண்டதும் விரல் தயாராகட்டும்.

தையல்சிட்டு, மாம்பழச்சிட்டு, மின்சிட்டு போன்றவை ஓரிடத்தில் நிற்காமல் இலைக்குள்ளேயே உலவும். இவற்றின் பின்னால் கேமராவை ஆட்டிக்கொண்டே போனால் கழுத்துவலிதான் மிச்சம். அவை ஒரு மரத்தில் பெரும்பாலும் ஒரு திசையில் மேய்ந்துகொண்டு போகும். போகும் வழியில் இலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒன்றைத் தேர்ந்து, லென்சை அங்கே வைத்துக் காத்திருங்கள். பத்தில் ஏழு தடவை அவை வேறு வழியில் போய்விடும். மீதி மூன்றில் கிடைப்பது நல்ல படமாக இருக்கும்.

மரங்களின் நாட்காட்டியும் உதவும். முதுமலை போன்ற இலையுதிர் காடுகளில் பிப்ரவரி தொடங்கி இலைகள் கொட்டிப்போகும். முள்ளிலவும் புரசும் முருக்கும் இலையற்றிருக்கும்போதே பூக்கும். மொட்டைக் கிளையில் சிவப்புப் பூ, அதில் தேன் குடிக்க வரும் மைனா, கரிச்சான், தேன்சிட்டு! குறுக்கே இலையே இல்லாத இந்த விருந்து சில வாரங்கள்தான் நீடிக்கும், தவறவிடாதீர்கள். ஆலும் அத்தியும் பழுக்கும்போது குக்குறுவானும் பச்சைப் புறாவும் குவியும். அந்த மரங்கள் அடர்த்தியானவை என்றாலும், பழம் மிகுந்த வெளிக்கிளை ஒன்றுக்குப் பறவைகள் மாறி மாறி வரும். அதைக் கண்டுபிடிக்க முதல் அரைமணி நேரம் கேமராவைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருங்கள்.

நான்காம் படி: ஃபோகசைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள்

கேமராவுக்குப் பறவை எது, கிளை எது என்று எப்போதும் தெரியாது. அகலமான பரப்பில் ஃபோகஸ் செய்யும்படி விட்டால், அருகில் இருப்பதையும் அழுத்தமான கோடுகளையும்தான் அது முதலில் பிடிக்கும். பறவையின் மென்மையான இறகைவிட வெயில் பட்ட குச்சி அதற்கு எளிது.

ஆகவே ஃபோகஸ் பரப்பை ஒற்றைப் புள்ளியாக மாற்றுங்கள், உங்கள் கேமராவில் அதைவிடச் சின்னப் புள்ளி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அந்தப் புள்ளியைப் பறவையின் கண்ணில் வையுங்கள். கண் மறைந்திருந்தால் அது உட்கார்ந்திருக்கும் கிளையில், பாதங்களுக்கு அருகில் வையுங்கள். பாதமும் கண்ணும் கிட்டத்தட்ட ஒரே தொலைவில் இருக்கும், கிளையின் பட்டை ஃபோகசுக்குப் பிடிமானமும் தரும். எனக்கு மிக அதிகமாகக் கைகொடுத்த உத்தி இதுதான்.

புதிய கேமராக்களில் பறவையின் கண்ணைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி உண்டு. திறந்த வெளியில் அது அற்புதம். கிளைகளுக்குள் அது தடுமாறும், அதனால் சின்னப் பரப்போடு சேர்த்துப் பயன்படுத்துங்கள். சில நேரம் ஃபோகஸ் பின்னணிக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், எத்தனை முறை அழுத்தினாலும் பறவைக்குத் திரும்பாது. அப்போது பறவையின் தொலைவில் இருக்கும் வேறொரு மரத்தண்டில் ஒருமுறை ஃபோகஸ் செய்து, பிறகு பறவைக்குத் திரும்புங்கள். அல்லது லென்சின் வளையத்தைக் கையால் திருப்பி அருகே கொண்டுவந்துவிட்டு அழுத்துங்கள். லென்சில் ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் பொத்தான் இருந்தால் அருகாமையை அடைத்துவிடுங்கள், முகத்தெதிரே ஆடும் இலைகளை அது தேடிக்கொண்டிருக்காது.

இன்னொரு மாற்றத்தையும் வற்புறுத்திச் சொல்வேன். ஃபோகசை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்து, கேமராவின் பின்புறம் கட்டைவிரல் படும் பொத்தானுக்குக் கொடுத்துவிடுங்கள். பறவையில் ஃபோகஸ் கிடைத்ததும் கட்டைவிரலை எடுத்துவிட்டால், காற்றில் இலை குறுக்கே வந்தாலும் ஃபோகஸ் நகராது. பழக இரண்டு வாரம் ஆகும். பழகிவிட்டால் பழைய முறைக்குத் திரும்ப மாட்டீர்கள்.

காற்றடிக்கும் நாளில் இலைகள் ஒரு தாளத்தில் ஆடும். அந்தத் தாளத்தைச் சற்றுக் கவனியுங்கள். இலை விலகிப் பறவையின் முகம் திறக்கும் நேரத்தில் நான்கைந்து படங்களைத் தொடர்ந்து எடுங்கள். அழுத்திய விரலை எடுக்காமல் இருநூறு படம் எடுப்பதைவிட இது பலன் தரும், பறவைக்கும் சத்தம் குறைவு.

ஐந்தாம் படி: அமைப்புகள்

இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துளையை லென்ஸ் அனுமதிக்கும் அளவுக்கு அகலமாகத் திறங்கள். 400 மி.மீ. லென்சில் எஃப் 5.6இல், 10 மீட்டரில், முழு அளவு சென்சாரில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 20 செ.மீ. ஒரு மைனாவுக்கு அது போதும். 5 மீட்டருக்கு நெருங்கினால் ஆழம் 5 செ.மீ. ஆகச் சுருங்கும், அப்போது கண்ணில் விழும் ஃபோகஸ் தவறவே கூடாது. துளையைச் சுருக்கினால் பறவை முழுக்கத் தெளிவாகும், கூடவே நீங்கள் கரைக்க நினைத்த குச்சிகளும் உயிர்பெற்று எழும்.

அமர்ந்திருக்கும் பறவைக்கு நொடியில் 500இல் ஒரு பங்கு, பறக்கும் பறவைக்கு 2000இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் நல்ல தொடக்கம். ஐஎஸ்ஓவை, அதாவது ஒளிக்கான உணர்திறனை, கேமராவே பார்த்துக்கொள்ளட்டும். நிழலடர்ந்த காட்டில் புள்ளிகள் தெரிந்தாலும் கவலைப்படாதீர்கள், அசைந்து மங்கிய படத்தைவிட அது மேல். கிளைகளின் இடைவெளியில் வானம் வெளுத்துத் தெரிந்தால் பறவை கறுத்துப்போகும், ஒளியளவை ஒன்று முதல் ஒன்றரை நிறுத்தம்வரை (ஒரு நிறுத்தம் கூட்டினால் ஒளி இருமடங்காகும்) கூட்டுங்கள். கரும்பச்சை இலைகளின் முன்னால் கொக்கு நின்றால் முக்கால் நிறுத்தம் குறையுங்கள். வானப் பொத்தல்கள் நிறைந்த பின்னணி எப்படியும் வெள்ளை வட்டங்களாகிக் கண்ணை உறுத்தும். அங்கே அமைப்புகள் எதுவும் உதவாது, இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய் நகர வேண்டியதுதான்.

ஆறாம் படி: கிளையைப் படத்துக்குள் அழையுங்கள்

விலக்கவே முடியாத கிளைகள் இருக்கும்போது என்ன செய்வது? அவற்றை ஏற்றுக்கொண்டு படத்தை அமைக்கலாம். பறவையை நெருக்கிக் காட்டும் ஆசையை விட்டு, லென்சைச் சற்று அகலமாக்குங்கள். பறவை படத்தில் பத்தில் ஒரு பங்காகச் சிறுக்கட்டும். அப்போது தொல்லையாக இருந்த குச்சிகள் ஒரு வலையாக, அந்த மரத்தின் அடையாளமாக மாறும். கருவேல முட்களுக்கு நடுவே கீச்சான் உட்கார்ந்திருக்கும் படத்தில் முட்களை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? பிடித்த இரையை முள்ளில் குத்தி வைக்கும் பறவை அது.

இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. கண்ணும் அலகும் மறையக் கூடாது. வாலையோ வயிற்றையோ ஒரு குச்சி கடந்துபோனால் பார்ப்பவர் மன்னித்துவிடுவார், கண்ணைக் கடந்தால் மன்னிக்க மாட்டார். படத்தின் ஓரத்திலிருந்து நுழையும் தடித்த கிளை பறவையை நோக்கிப் போக வேண்டும், பறவையிடமிருந்து பார்வையை வெளியே இழுத்துக்கொண்டு போகக் கூடாது. மேலும், பறவையைவிட வெளிச்சமான கிளை எதுவும் படத்தில் இருக்கக் கூடாது. மரப்பொந்தில் புள்ளி ஆந்தை, மழைக்காட்டின் நிழலில் அசையாமல் அமர்ந்திருக்கும் தீக்காக்கை, ஆனைமலையின் பெருமரங்களில் இருவாச்சி ஆகியவற்றுக்கு இந்த அகன்ற பார்வைதான் பொருந்துகிறது. மரம் இல்லாமல் அவற்றின் வாழ்க்கையைச் சொல்ல முடியாது.

நிறங்கள் மட்டுமே குழப்பம் தருகின்றன என்றால் கறுப்பு வெள்ளையில் மாற்றிப் பாருங்கள். இயற்கையியலாளரும் எழுத்தாளருமான மா. கிருஷ்ணன் நம் காட்டுயிர்களைப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் பதிவுசெய்தார். பச்சையும் பழுப்பும் மறைந்ததும் கோடும் வடிவமும் மட்டும் நிற்கும். கொக்கு, நீர்க்காகம், காகம் போன்ற அழுத்தமான வடிவமுள்ள பறவைகளுக்கு இது நன்றாக வரும்.

ஏழாம் படி: கிளையில் கை வைக்காதீர்கள்

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். படத்துக்காக ஒரு கிளையையும் வெட்டவோ, ஒடிக்கவோ, கயிறு கட்டி இழுக்கவோ கூடாது. கூட்டின் அருகே இது பெரும் கொடுமை. நமக்கு இடைஞ்சலாகத் தெரியும் அந்த இரண்டு இலைகள்தான் குஞ்சுகளுக்குக் குடை. அவற்றை எடுத்துவிட்டால் நடுப்பகல் வெயில் நேரே கூட்டில் விழும். காகமும் வால்காக்கையும் கூட்டைக் கண்டுகொள்ளும். நாம் படத்தோடு வீட்டுக்குப் போய்விடுவோம், தாய்ப்பறவை அங்கே தவிக்கும். ஒரு தோட்டத்து வேலியில் தையல்சிட்டின் கூட்டைச் சுற்றி இலைகள் ஒழுங்காகக் கத்தரிக்கப்பட்டிருந்ததை ஒருமுறை பார்த்தேன். கூட்டில் எதுவும் இல்லை. யார் செய்தார்கள் என்று தெரியாது. எதற்காகச் செய்தார்கள் என்பது எனக்கு உடனே புரிந்தது, அன்று கேமராவைப் பையை விட்டு எடுக்க மனம் வரவில்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூட்டையோ கலைப்பதை வேட்டை என்ற சொல்லின் பொருளுக்குள்ளேயே வைத்திருக்கிறது. கூட்டுப் படங்களே வேண்டாம் என்பது என் நிலை. இலைக்குள் இருக்கும் பறவையை வெளியே வரவழைக்க அதன் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிடுவதும், கல்லெறிவதும், கிளையை உலுக்குவதும் அப்படியே விலக்க வேண்டியவை. பதிவுக் குரலைக் கேட்ட பறவை, தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நம்பி இரை தேடுவதையும் குஞ்சுக்கு ஊட்டுவதையும் விட்டுவிட்டு ஓடி வருகிறது. வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைப் பாதுகாக்கும் உரிமையை 1798இல் அன்றைய கலெக்டரிடம் எழுதி வாங்கினார்கள். அந்த ஏரியின் மரங்களில் இன்றைக்கும் பறவைகள் வந்து தங்குவதற்கு, கிளைகளில் கை வைக்காத அந்த மக்களும் ஒரு காரணம்.

சுத்தமான குச்சியில் பறவை வேண்டும் என்ற ஆசை தீரவில்லை என்றால் வீட்டுத் தோட்டத்தில் தீர்த்துக்கொள்ளலாம். மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். அதற்கு அரை மீட்டர் தள்ளி, கீழே உதிர்ந்து கிடந்த ஒரு காய்ந்த கிளையை நட்டுவையுங்கள். பின்னால் ஐந்தாறு மீட்டருக்கு ஒன்றும் இல்லாதபடி இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், பூனை பதுங்க இடம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிக்கும் முன் பறவைகள் அந்தக் கிளையில் உட்கார்ந்து நாலாபக்கமும் பார்க்கும்.

எட்டாம் படி: கணினியில்

முதலில் வெட்டிப் பாருங்கள். ஓரத்தில் நுழையும் குச்சி பெரும்பாலும் இதிலேயே போய்விடும். அடுத்து, கிளையின் வெளிச்சத்தை மட்டும் தேர்ந்து குறையுங்கள். கண் வெளிச்சத்தைத் தேடி ஓடும் இயல்புடையது, ஆகவே வெயில் பட்ட குச்சியைக் கால் பங்கு இருட்டாக்கி அதன் கூர்மையைத் தணித்தால் அது அங்கேயே இருந்தும் தொல்லை தராது. பறவையின் கண்ணிலும் முகத்திலும் சிறிதளவு வெளிச்சம் கூட்டுங்கள். முன்னிலைகளால் பச்சைப் புகை படர்ந்த படத்துக்கு நிழலை ஆழமாக்கி, நிறத்தில் சற்று மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) சாயல் சேர்த்தால் பெரும்பகுதி சரியாகும்.

கிளையை முழுதாக அழிக்கும் கருவிகள் இன்று பெரும்பாலான மென்பொருள்களில் வந்துவிட்டன. வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு அழிப்பது உங்கள் விருப்பம். போட்டிக்கோ பதிவுக்கோ அனுப்பும் படத்தில் அதைச் செய்யாதீர்கள். பன்னாட்டுப் படப் போட்டிகளில் இயற்கைப் பிரிவின் விதிகள் படத்தில் எதையும் சேர்ப்பதையும் நீக்குவதையும் அனுமதிப்பதில்லை, நீக்குவதென்றால் ஓரத்தை வெட்டுவதற்கு மட்டுமே அங்கே இடம் உண்டு. பறவையின் உடலைக் கடக்கும் குச்சியை அழிக்கும்போது இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. அந்த இடத்தை மென்பொருள் தன் கற்பனை இறகுகளால் நிரப்புகிறது. இல்லாத பட்டையும் இல்லாத புள்ளியும் முளைத்துவிடும். பறவையின் இனத்தைச் சொல்லும் அடையாளமே அந்தப் பட்டையாக இருந்தால், படம் பொய் சாட்சியாகிவிடும்.

குச்சி மறைத்த படங்களை எல்லாம் அழித்துவிடவும் வேண்டாம். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு போன்றவற்றுக்கு, பாதி மறைந்த பறவையின் படமும் சான்றாகும். அலகின் வடிவமும் வாலின் நீளமும் தெரிந்தால் போதும்.

பயிற்சி

இவை கைக்குப் பழக, தொலைதூரக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. தெருவில் ஒரு முருங்கை மரம் இருந்தால் அதில் செங்குதச் சின்னான் கட்டாயம் வரும். முருங்கையின் மெல்லிய காம்புகளும் சிற்றிலைகளும் எந்தக் காட்டு மரத்துக்கும் குறையாத சோதனை. முதல் இரண்டு நாள் கேமரா வேண்டாம். மரத்தைச் சுற்றி நடந்து, எந்த இடத்தில் நின்றால் எந்தக் கிளைக்குப் பின்னால் எதிர்வீட்டுச் சுவருக்குப் பதில் தூரத்து வேம்பு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் கேமராவோடு போய், ஒரே பறவையை நின்றும் மண்டியிட்டும் இரண்டடி நகர்ந்தும் மூன்று படங்கள் எடுங்கள். மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அடுத்த நாள் காலை, மூன்றில் எது நன்றாக இருந்ததோ அந்த இடத்துக்குச் சின்னான் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துகொள்ளுங்கள்.